ஆறப் பொறுக்காத ரொட்டி

பீட்டா ரொட்டிக்கு ஆயுசு கம்மி. அடுப்புக்குள் போன இரண்டாவது நிமிடத்தில் அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். அப்புறம் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு மொத்த ரொட்டியையும் தூக்கி நிறுத்தும். வெளியே எடுத்த சூட்டோடு ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடும். எழும்பி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அதன் அழகெல்லாம். சமையல் குறிப்பு எழுதிப் படம் போட்டுப் பிழைக்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய சோதனையைக் கடவுள் வைக்க முடியாது.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்று மனுஷனைத்தான் பழிப்பார்கள். இங்கே பொறுக்காதது ரொட்டி.

மற்ற பண்டங்கள் எவ்வளவு தங்கமானவை தெரியுமா? புளியோதரை காத்திருக்கும், நேரம் ஆக ஆக ருசியும் ஏறும். மைசூர்பாகு நாலு நாள் ஆனாலும் அதே முகத்தோடு கேமரா முன்னால் உட்காரும். வத்தக்குழம்பு மறுநாள்தான் எண்ணெய் பிரிந்து படத்துக்குத் தயாராகும். இப்படிப்பட்ட நாட்டில் பிறந்துவிட்டு, மேற்காசியாவிலிருந்து ஒரு ரொட்டியைக் கூட்டிவந்து, அதைப் படம் பிடித்தே தீருவேன் என்று கிளம்பியவன் நான். சமையல் எழுத்துக்காரர்கள் எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒருமுறை இந்தக் கிறுக்கு பிடிக்கும். சிலருக்குச் சவர்டோ, சிலருக்கு குரோசான். எனக்குப் பீட்டா.

உப்பி நிற்பதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஓடிஜி என்கிற மின் அடுப்பின் கதவைத் திறந்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் உப்பாது. ஆகவே கண்ணாடிக்கு வெளியிலிருந்து. அந்தக் கண்ணாடியில் போன தீபாவளி நான்கட்டாயின் நெய் இன்னும் இருக்கிறது. மகள் செல்போன் டார்ச்சைப் பிடிப்பாள். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு என் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். கடைசியில் கிடைக்கிற படத்தில் ரொட்டி பாதி, பனியன் போட்ட என் தொப்பை பாதி. இரண்டில் எது நன்றாக உப்பியிருக்கிறது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு.

லவாஷ், யுஃப்கா போன்ற தட்டை ரொட்டிகளைச் செய்து பகிர்ந்து உண்ணும் பழக்கத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஐந்தும் சேர்ந்து விண்ணப்பித்தவை. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஆர்மீனியா தன் லவாஷைத் தனியாகப் பதிந்துகொண்டுவிட்டது. அண்டை நாடுகளுக்குள் ரொட்டிக்கும் பங்காளிச் சண்டை இருக்கும் போலிருக்கிறது. அந்த யுனெஸ்கோ குறிப்பில் ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடித்தது: இந்த ரொட்டியைச் செய்யக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், பெரும்பாலும் வீட்டுக்காரர்களே செய்வார்கள், ஆளுக்கொரு வேலை உண்டு. எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான். ஒருவர் இடுவது, ஒருவர் டார்ச் பிடிப்பது, ஒருவர் "இன்னுமா ஆகலை?" என்று கேட்பது. மூன்றாவது பொறுப்பை என் மனைவி ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

நாலாவதாக அம்மா. அவருக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

"என்னடா அது?"

"பீட்டா பிரெட்மா. அரபு நாட்டு ரொட்டி."

கண்ணாடி வழியாக நன்றாகக் குனிந்து பார்த்தார். "சப்பாத்திதானேடா?"

"இல்லம்மா, இதுல ஈஸ்ட் போட்டிருக்கு. நடுவுல பை மாதிரி பிரியும்."

"ஃபுல்காவும்தான் பிரியும். அதுக்கு எதுக்குடா ஈஸ்ட்டு?"

நியாயமான கேள்வி. பல சமையல் குறிப்புகள் இதில்தான் சறுக்குகின்றன. ஈஸ்ட் போட்டதால் பீட்டா உப்புகிறது என்று எழுதிவிடுகிறார்கள். உப்ப வைப்பது நீராவி. சூடான பரப்பில் மாவை விரித்ததும் மேல்தோலும் கீழ்த்தோலும் முதலில் இறுகிவிடும். நடுவில் இருக்கிற ஈரம் கொதித்து ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியே போக வழியில்லாததால் இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளும். ஃபுல்காவிலும் நடப்பது இதேதான். ஈஸ்ட் கொடுப்பது மென்மை, வாசனை, லேசான புளிப்பு. அம்மா தினமும் நேர் நெருப்பில் காட்டி, நுனி விரலால் திருப்பி, ஒன்று தவறாமல் உப்ப வைக்கிற விஷயத்தைத்தான் நான் 1,500 வாட் மின்சாரத்தில் செய்துகொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற தைரியம்தான்.

சூடுதான் விஷயம், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். ஆனால் அடுப்பின் சூட்டைத் தலைப்பில் போட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள். 'இல்லாமல்' என்று போட்டால்தான் வருவார்கள். தமிழ்ச் சமையல் உலகத்தில் இது ஒரு தனி இலக்கணம். ஓவன் இல்லாமல் பீட்டா. அது ஓடிவிட்டால் அடுத்தவர், ஓவன் இல்லாமல் ஈஸ்ட் இல்லாமல் பீட்டா. அதற்கும் அடுத்தவர் விடுவாரா, ஓவன் ஈஸ்ட் மைதா எதுவுமே இல்லாமல், கோதுமை மாவில், தோசைக்கல்லிலேயே, பத்தே நிமிடத்தில் ஆரோக்கியமான பீட்டா. "ஒரு தடவை செஞ்சு பாருங்க, விடவே மாட்டீங்க" என்று முடிப்பார். எப்படி விடுவோம்? மூன்று தலைமுறையாக விடவில்லையே, ராத்திரி டிபனே அதுதானே. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். "இந்தப் பொண்ணு நல்லாத்தான் சப்பாத்தி இடறா" என்றார்.

இன்னொரு வகை, அயல்நாட்டுக் குறிப்பை அப்படியே தமிழாக்கிப் போடுவது. குளிர்நாட்டுக்காரர் எழுதியதில் "மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்" என்றிருக்கும். சென்னையில் உட்கார்ந்து அதையே எழுதுகிறார்கள். மே மாதத்தில் சென்னையில் வெதுவெதுப்பாக இல்லாத இடம் ஒன்றைக் காட்டுங்கள், மாவை இல்லை, நானே போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே முக்கால் மணியில் மாவு இரட்டிப்பாகிவிடும். ஒன்றரை மணி விட்டால் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் நடைபயிற்சி போகும். இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், நியூ ஜெர்சியில் இருக்கிற என் உறவுக்காரர்கள் குளிர்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். அந்த 'ஓவன் விளக்கு' உத்தி அங்கிருந்து ரொட்டிக் குறிப்போடு சேர்ந்து இங்கே திரும்பி வந்து, கோடம்பாக்கத்தில் யாரோ ஏசியை அணைத்துவிட்டு ஓவன் விளக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அளவும் அப்படியே. அமெரிக்கக் கப் என்பது 240 மில்லி. அதில் மைதாவைக் கரண்டியால் தூவி நிரப்பினால் 120 கிராம் சொச்சம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 140-ஐத் தாண்டும். நம் வீட்டுக் கப் எதுவென்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸோடு இலவசமாக வந்த ஒன்று இருக்கிறது. அதில் கோதுமை மாவைப் போட்டால் கதை இன்னும் சிக்கல். கல் எந்திரத்தில் அரைத்த நம் ஆட்டா மாவில் மாச்சத்து நிறைய நொறுங்கியிருக்கும். அது மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். மைதாக் குறிப்பின் தண்ணீரை ஆட்டாவுக்கு ஊற்றினால் மாவு விறைத்துக்கொண்டு நிற்கும், உப்புவதற்கு ஈரமே இருக்காது. ஒரு தராசு வாங்கிவிடுங்கள். வேறு எந்த ரகசியப் பொருளும் வேண்டாம்.

குறிப்புக்கு முன்னால் வருகிற கதைக்கு வருகிறேன். பாட்டி, மழை, மொட்டைமாடி, சின்ன வயதில் சாப்பிட்ட ஏதோ ஒன்று, கணவருக்குப் பிடித்தது, நடுநடுவே விளம்பரம், இன்னும் கொஞ்சம் பாட்டி. இதையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி அடியில் போனால்தான் மாவு எத்தனை கிராம் என்று தெரியும். எல்லோருக்கும் இதில் எரிச்சல். எரிச்சலுக்குக் காரணமும் உண்டு, கதைக்கும் காரணம் உண்டு. நீளமாக இருந்தால்தான் விளம்பரத்துக்கு இடம் கிடைக்கும். அதோடு, அமெரிக்கச் சட்டப்படி வெறும் பொருள்பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது. எழுத்துக்கும் படத்துக்கும்தான் உண்டு. மைதாவையும் உப்பையும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, பாட்டியைக் கொண்டாடலாம். 2021-இல் ரெசிபீஸ்லி என்று ஒரு தளம் வந்தது. கதையும் விளம்பரமும் இல்லாமல் குறிப்பை மட்டும் உருவித் தருகிறோம் என்றார்கள். எங்கள் உழைப்பைத் திருடுகிறீர்களா என்று உணவெழுத்தாளர்கள் கொதித்தெழுந்த வேகத்தில், வந்த சுவடு தெரியாமல் உடனே கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

நான் கதை எழுதுகிற கட்சி என்பதால் இந்த விஷயத்தில் நடுநிலை கிடையாது. ஆனாலும் எஸ். மீனாட்சி அம்மாளை நினைத்துக்கொள்வேன். 1951-இல் வெளிவந்த அவருடைய 'சமைத்துப் பார்' இன்னும் விற்கிறது. எடுத்த எடுப்பில் பண்டத்துக்கு வந்துவிடுவார். புருஷனுக்குப் பிடித்ததா, மழை பெய்ததா என்கிற பேச்சே இல்லை. எங்கள் வீட்டுப் பிரதியில் மஞ்சள் கறை படிந்த பக்கம்தான் படம். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகத்தை வைத்து அனுப்பிய தலைமுறைக்குப் பாட்டி கதை தேவைப்படவில்லை; பாட்டியே ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினார்.

பொய்யென்று நான் நிஜமாகவே கோபப்படுவது கதை மேல் இல்லை, நேரத்தின் மேல். பீட்டாக் குறிப்புகளின் மேலே ஒரு பெட்டி இருக்கும்: தயாரிப்பு 15 நிமிடம், சமையல் 10 நிமிடம். கூட்டிப் பாருங்கள். பிசைய 10 நிமிடம். புளிக்க முக்கால் மணி. உருட்டி, இட்டு, மறுபடி ஓய்வு கொடுக்கக் கால் மணி. ஓடிஜிக்குள் இரும்பு தோசைக்கல் தகிக்க அரை மணி. இதை ஓய்வு நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், தள்ளுபடி. வீட்டு ஓடிஜியில் ஒரு தடவைக்கு ஒரு ரொட்டிதான் போகும். ஒன்றுக்கு மூன்று நிமிடம். கதவு திறந்து மூடிய பின் சூடு ஏற இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். எட்டு ரொட்டிக்கு அரை மணிக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்குப் பக்கமாக வருகிறது. 25 நிமிடம் என்று நம்பி ஏழரைக்கு மைதாப் பையைத் திறக்கிற குடும்பத்தலைவன் ஒன்பதரைக்கு ஸ்விக்கியைத் திறப்பான்.

இதில் படம் எடுக்கிற நேரம் சேரவில்லை. நல்ல படத்துக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் ஒன்றுதான். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அதில் வருகிற வெளிச்சத்துக்கு இணையே இல்லை. ஆகையால் 'வார இறுதி இரவு விருந்துக்கு ஏற்ற பீட்டாவும் ஹம்மஸும்' எங்கள் வீட்டில் வியாழக்கிழமை காலையில் நடக்கும். இட்லி எதிர்பார்த்துப் பையோடு வந்து உட்கார்கிற பள்ளிப் பிள்ளைக்கு முன்னால் கொண்டைக்கடலை விழுது. "நவராத்திரிக்குப் பண்ற சுண்டலை அரைச்சு வெச்சிருக்கியா?" என்று அம்மா. எதிரில் தெர்மோகோல் அட்டை பிடித்தபடி மனைவி. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க அதைவிட மலிவான சாதனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பரணிலிருந்து இறக்கிய மரப்பலகை. வேண்டுமென்றே கசக்கிப் போட்ட ஒரு துணி. அடுக்கின் மேல் ரொட்டி கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றைப் பிய்த்து வைக்க வேண்டும், யாரோ ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்து அவசரமாக எழுந்து போன தோரணையில். சாப்பிட ஆசைப்படுகிற நிஜ ஆட்கள் மூன்று பேர் பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்கள் கையை நீட்டினால் அதட்ட வேண்டும்.

அதற்குள் ரொட்டி என்னவாகும்? பீட்டா வெளியே வந்ததும் துணியில் சுற்றிவிட வேண்டும். அதன் ஆவி அதற்குள்ளேயே அடங்கினால்தான் மடித்தாலும் கிழியாது. படத்துக்காகத் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஓரம் காய்ந்து அப்பளமாகிவிடும். ஆகவே உணவுப் பக்கங்களில் நீங்கள் பார்த்து ஏங்குகிற பீட்டா எல்லாம் சாப்பிட லாயக்கில்லாத பீட்டா. சாப்பிட நன்றாக இருந்தது படத்தில் இல்லை. நான் கற்றுக்கொண்ட தொழில் ரகசியம் இது ஒன்றுதான், இலவசமாகவே சொல்லிவிட்டேன்.

பீட்டாவின் சொந்த ஊர்ப்பக்கம் போனால் இந்தக் கவலையே கிடையாது. கெய்ரோவில் அதன் அண்ணன்முறையான பலதி ரொட்டி, கனல் அடுப்பிலிருந்து பந்து பந்தாக வந்து விழுந்து, பனைமட்டைத் தட்டுகளில் ஆறிச் சப்பையாகிக் கிடக்கும். ஆளுயரத் தட்டைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி சைக்கிளில் போக்குவரத்துக்கு நடுவே புகுந்து போகிறவர்கள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பது அவர்களைத்தான், ரொட்டியை இல்லை. அரசு மானியத்தில் ஒரு ரொட்டி 5 பியாஸ்டர் காசு என்று முப்பது வருஷத்துக்கு மேல் விற்றது. 2024 ஜூனில்தான் 20 ஆக்கினார்கள். 1977-இல் எகிப்து அதிபர் சதாத் மானியத்தில் கை வைத்து, ஊரே தெருவுக்கு வந்து, உடனே பின்வாங்கியதை எந்த ஆட்சியாளரும் மறக்கவில்லை. அந்த ரொட்டிக்கு லைக் தேவையில்லை.

இன்னும் பின்னால் போனால் ஜோர்டானின் வடகிழக்கே, கறுப்புப் பாலைவனத்தில் ஷுபைக்கா என்கிற இடம். அங்கே கல் அடுப்பு ஒன்றைத் தோண்டியதில் கருகிய துணுக்குகள் கிடைத்தன. 2018-இல் வெளிவந்த ஆய்வின்படி அவை தட்டை ரொட்டித் துணுக்குகள், வயது சுமார் 14,400 ஆண்டு. விவசாயம் தொடங்குவதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டுக்கு முன்னால், காட்டுத் தானியத்தையும் ஒரு கோரைக் கிழங்கையும் இடித்து யாரோ சுட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, அது கருகியதால்தான் மிஞ்சியது என்பது. பதமாக வந்ததையெல்லாம் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டார்கள். மனித குலத்தின் ஆவணக் காப்பகத்தில் இடம் பிடித்தது சரியாக வராத ரொட்டி. அம்மாவிடம் சொன்னபோது, "பேசிக்கிட்டே இருந்திருப்பா, தீயைப் பார்த்திருக்க மாட்டா" என்று 14,400 வருஷத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணைக் கடிந்துகொண்டார்.

சரி, விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு: மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், உப்பு 6 கிராம், நல்ல எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் 190 மில்லி. வெயில் காலத்தில் பானைத் தண்ணீரே போதும். சுடவைக்கிறேன் என்று கொதிக்கவைத்து ஊற்றினால் ஈஸ்ட்டுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் பத்து நிமிடம் பிசைந்து, மூடி, இரட்டிப்பானதும் எட்டாகப் பிரித்து உருட்டுங்கள். நம் சப்பாத்தியைவிட இரண்டு மடங்கு கனத்தில், ஒரே சீராக இடுங்கள். ஓரம் மெலிந்து நடு தடித்தால், அல்லது எங்காவது மடிப்போ கீறலோ விழுந்தால், ஆவி அந்த வழியாக ஓடிவிடும். இட்டதைத் துணி போட்டு மூடி வையுங்கள், மேல்தோல் காயக் கூடாது. பீட்சா கல் எல்லாம் வாங்க வேண்டாம். கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல்லைக் கவிழ்த்து உள்ளே வைத்து, 250 டிகிரியில் அரை மணி காயவிடுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம், அந்தச் சூடு அதற்கு ஆகாது. கதவைப் பாதி திறந்து, சட்டென்று போட்டு, சட்டென்று மூடுங்கள். உப்பிய பின் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் எடுத்துத் துணிக்குள் வையுங்கள்.

உப்பாத ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். அவற்றுக்கு மேலே எண்ணெய் தடவி எள்ளும் ஓமமும் தூவி, இது வேறு ஏதோ ஒரு நாட்டு ரொட்டி என்று தனிப் பதிவாகப் போடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஹம்மஸுக்குத் தஹினி என்கிற எள் விழுது கிடைக்கவில்லையென்றால் அலைய வேண்டாம். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்துக் கொத்சு பண்ணித் தொட்டுக்கொள்ளுங்கள், அருமையாகச் சேரும். தலைப்பில் மட்டும் பாபா கனூஷ் என்று போடுங்கள். கொத்சு என்றால் நாலு பேர் கூட வர மாட்டார்கள்.